வேலைவாய்ப்பு முகாமுக்கு முதன்முறையாகச் செல்கிறேன்: எந்த மேசையில் என்ன கேட்க வேண்டும்?

இயற்பியல் மூன்றாமாண்டு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் மயிலாடுதுறை மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இளங்கலை இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரிக்கு வளாகத் தேர்வு நடத்த வரும் நிறுவனங்கள் மிகக் குறைவு. வருகிறவர்களும் பெரும்பாலும் கணினி அறிவியல், வணிகவியல் மாணவர்களையே கேட்கிறார்கள். வரும் சனிக்கிழமை பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் மாவட்ட நிர்வாகமும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையமும் இணைந்து தனியார்துறை வேலைவாய்ப்பு முகாம் நடத்துகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பங்கேற்கும் என்றும், எட்டாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை படித்த எவரும் வரலாம் என்றும் அறிவிப்பில் உள்ளது.

எனக்குள்ள ஐயங்கள் இவை. கடைசிப் பருவத் தேர்வு இன்னும் முடியவில்லை; ஒருங்கிணைந்த மதிப்பெண் சான்றிதழ் கையில் இல்லை. துணைப்பாடமான கணிதத்தில் ஒரு அரியர் நிலுவையில் இருக்கிறது. பள்ளியில் தமிழ்வழியில் படித்ததால் ஆங்கிலத்தில் தொடர்ந்து பேசத் தயக்கமாக இருக்கிறது. சுயவிவரக் குறிப்பை ஐம்பது நகல் எடுத்துக்கொண்டு எல்லா மேசைகளிலும் கொடுத்துவிட்டு வா என்று தோழிகள் சொல்கிறார்கள். தனியாரில் சேர்ந்தால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு போய்விடும், பிறகு அரசு வேலைக்கு வழியிருக்காது என்று அப்பா அஞ்சுகிறார். இந்த நிலையில் நான் முகாமுக்குப் போவதில் பயன் உண்டா? உண்டென்றால் இந்த வாரத்துக்குள் எதைத் தயார் செய்ய வேண்டும்?


தரக்கட்டுப்பாடு, ஓசூர்:

தங்கைக்கு வணக்கம். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மனிதவளப் பிரிவினரோடு சேர்ந்து இத்தகைய முகாம்களில் மேசைக்கு அந்தப் பக்கம் அமர்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முகாமில் போடப்பட்டிருக்கும் மேசைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சில மேசைகளில் நிறுவனமே நேரடியாக ஆள் எடுக்கும். சிலவற்றில் ஆள் வழங்கும் ஒப்பந்ததாரர்கள் அமர்ந்திருப்பார்கள். பின்னால் தொங்கும் ஃபிளெக்ஸில் பெரிய ஆலையின் பெயர் இருக்கும், ஆனால் உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் அந்த ஒப்பந்ததாரராக இருப்பார். இன்னும் சில மேசைகள் காப்பீட்டு முகவர் வேலைக்கும், கட்டணப் பயிற்சி வகுப்புகளுக்கும் ஆள் சேர்ப்பவை. வெளித்தோற்றத்தில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டைக் கண்டுகொள்ள ஒரே கேள்வி போதும்: “என் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) எந்த நிறுவனத்தின் பெயரில் கட்டப்படும்?” நேரடி நிறுவனம் என்றால் விடை உடனே வரும். ஒப்பந்ததாரர் என்றால் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்வார். பி.எஃப். என்ற பேச்சே அங்கு எடுபடவில்லை என்றால், பெரும்பாலும் அது சம்பள வேலையே அல்ல என்று கொள்ளலாம்.

ஐம்பது நகல் கொடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். காலையிலிருந்து மதியத்துக்குள் எங்கள் மேசையில் நூற்றுக்கணக்கான தாள்கள் சேர்ந்துவிடும். பேசிப் பார்த்துப் பிடித்துப்போன பிள்ளையின் தாள் மூலையில் பேனாவால் எழுதிக்கொள்வோம்: “ஓசூர் வரத் தயார், மே கடைசி, அளவீடு தெரியும்” என்பது போல. மாலையில் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் அழைப்பது மூலையில் ஏதாவது எழுதியிருக்கும் தாள்களை மட்டுமே. பேசாமல் வைத்துவிட்டுப் போன தாள்கள் அட்டைப்பெட்டியில் இருக்கும். அவற்றை யாரும் திரும்ப எடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை. ஆகவே ஐந்தாறு மேசைகளில் நின்று பேசுவதே பயன் தரும். பங்கேற்கும் நிறுவனங்களின் பட்டியல் முன்கூட்டியே வெளியானால் அதை வைத்துத் தேர்ந்துகொள்ளுங்கள். கிடைக்கவில்லையென்றால் வாயிலில் ஒட்டியிருக்கும் அறைவாரிப் பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, நிழலில் நின்று குறித்துக்கொண்ட பிறகு உள்ளே போங்கள். மிகவும் விரும்புகிற மேசைக்கு முதலில் போகாமல், இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ போனால் நாக்கு கொஞ்சம் பழகியிருக்கும். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். அதற்குப் பிறகு எங்களுக்கே காது அடைத்துப்போயிருக்கும்.

சுயவிவரக் குறிப்பு ஒரு பக்கத்துக்குமேல் போக வேண்டாம். மேலே குறிக்கோள் என்ற தலைப்பில் எல்லாரும் எழுதுகிற அந்த மூன்று வரிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எந்தெந்த ஊர்களில் வேலை பார்க்கத் தயார், எந்தத் தேதியிலிருந்து சேர முடியும் என்று எழுதுங்கள். நாங்கள் முதலில் தேடுவது அந்த இரண்டையும்தான். அழைத்தால் நீங்களே எடுக்கக்கூடிய எண்ணைக் கொடுங்கள்.

இயற்பியல் படித்த பிள்ளைகள் எங்கள் மேசைக்கு வந்து “எனக்கு எந்தத் தொழில்நுட்பமும் தெரியாது” என்று தொடங்கும்போது வருத்தமாக இருக்கிறது. நீங்கள் செய்முறை வகுப்பில் வெர்னியர் அளவியும் திருகு அளவியும் கையாண்டவர்கள். எங்கள் ஆய்வு மேசையில் நாள் முழுவதும் நடப்பது அதுவே. உங்கள் ஆய்வகத்து வெர்னியரின் மீச்சிற்றளவு, அதாவது அதால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டராக இருக்கும், ஆலையில் 0.02 மில்லிமீட்டர் வெர்னியர் வைத்திருப்போம், அல்லது எண்ணைத் திரையில் காட்டும் டிஜிட்டல் அளவி இருக்கும். திருகு அளவியை நாங்கள் மைக்ரோமீட்டர் என்போம், 0.01 மில்லிமீட்டர் அங்கும் இங்கும் ஒன்றே. சுழிப்பிழை (எதையும் அளக்காதபோதும் கருவி சுழியைக் காட்டாத பிழை) என்றால் என்ன, அதை ஏன் திருத்துகிறோம் என்று கேட்பேன். இதைத் தமிழில் தெளிவாகச் சொன்ன ஒரு மாணவியின் தாளில் அந்த இடத்திலேயே குறி போட்டேன். ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்பித்தவரிடம் அடுத்த கேள்வி கேட்டதும் நின்றுவிட்டார். ஆலை வேலைக்கு ஆங்கிலம் வாசித்துப் புரிந்துகொள்ளும் அளவு இருந்தால் போதும். வாடிக்கையாளர் அழைப்பு மையம், மென்பொருள் நிறுவனம் போன்றவற்றில் நிலைமை வேறு. அங்கே பேச்சையே எடைபோடுவார்கள்.


ஒரகடம் ஷிப்ட்:

சகோதரி, நான் இதுபோன்ற முகாம் ஒன்றின் வழியாகத்தான் மின்னணுப் பொருள் ஆலையில் சேர்ந்தேன். நான் இளங்கலை வேதியியல். மேலே அண்ணன் சொன்னவற்றோடு சம்பளத்தையும் தங்குமிடத்தையும் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் முகாமில் கேட்கத் தயங்கி, சேர்ந்த பிறகு நம் பெண்கள் மனம் உடைவது இந்த இரண்டில்தான்.

மேசையில் “ஆண்டுக்கு 2,40,000” என்று சொன்னால் மாதம் 20,000 கைக்கு வரும் என்று கணக்குப் போடக் கூடாது. அது சி.டி.சி., அதாவது நமக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை. அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் செலுத்த வேண்டிய 12 சதவீத பி.எஃப். பங்கான 1,440 ரூபாயும், இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு அது செலுத்தும் 3.25 சதவீதமும் பெரும்பாலும் அந்த 20,000-க்குள்ளேயே அடங்கியிருக்கும். மிஞ்சுகிற ஏறக்குறைய 18,000-இலிருந்து நம் பங்கு பி.எஃப். இன்னொரு 1,440-உம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதமும் பிடித்த பிறகு கைக்கு வருவது 16,400 ரூபாய் அளவில் நிற்கும். அதிலிருந்தும் விடுதி, கேன்டீன், பேருந்து என்று பிடிப்பார்களா, எவ்வளவு என்று கேட்டே ஆக வேண்டும். “பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு?” என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. ஊக்கத்தொகை, மிகைநேரப் பணி எல்லாவற்றையும் கூட்டி ஒரு பெரிய தொகையைச் சொல்லும் மேசைகளும் உண்டு. அவை இல்லாமல் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

தங்குமிடத்தைப் பற்றியும் விவரமாகக் கேளுங்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள், விடுதி உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை அடுத்து, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதன் பிறகு விடுதி விவகாரத்தை யாரும் சிறிதாக நினைப்பதில்லை. 2024 ஆகஸ்டில் அதே பகுதியில் உள்ள வல்லம் வடகாலில், அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் சார்பில் 18,720 பேர் தங்கும் வளாகமே திறக்கப்பட்டது. ஆயினும் எல்லா நிறுவனத்துக்கும் அப்படிப்பட்ட இடம் இல்லை. வாடகைக்கு எடுத்த வீடுகளில் தங்கவைப்பவர்களும் இருக்கிறார்கள். ஓர் அறைக்கு எத்தனை பேர், ஆலைக்கு எவ்வளவு தூரம், இரவுப் பணி முடிந்தால் வண்டி வாசல்வரை வருமா, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போக விடுவார்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் அப்பா அம்மா கேட்கப்போவதும் இவற்றையே. அப்போது உங்கள் கையில் விடை இருக்கும்.


ஓய்வுபெற்ற பணியாளர்:

அன்பு மகளுக்கு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். முதலில் தந்தையாரின் அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். முகாம் வழியாகத் தனியார் நிறுவனத்தில் பணி நியமனம் பெற்றாலும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ரத்து செய்யப்படுவதில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு முகாமின் செய்திக்குறிப்பிலும் கடைசிப் பத்தியில் இது அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தாளையே அவரிடம் காட்டுங்கள். பதிவு காலாவதியாவது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்கும்போதுதான். அரசு வேலையே குறிக்கோள் என்றால், அதே அலுவலகத்தில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வு வகுப்புகள் கட்டணமின்றி நடக்கின்றன. ஒரு வேலையில் இருந்துகொண்டே தேர்வு எழுதியவர்கள் எத்தனையோ பேர்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, ஒருங்கிணைந்த சான்றிதழ் இல்லாதது ஒரு குறையே அன்று. இதுவரை வெளியான பருவ மதிப்பெண் பட்டியல்களின் நகல், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் நகல்கள், ஆதார் நகல், கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்கள், அங்கு படிக்கிறீர்கள் என்று கல்லூரியில் கேட்டுப் பெறும் போனஃபைட் சான்றிதழ் ஆகியவை போதும். அசல்களைச் சரிபார்ப்புக்குக் காட்டலாம். எந்தச் சூழலிலும் எவரிடமும் கொடுத்துவிட்டு வரக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, விலகும்போது திருப்பித் தராமல் இழுத்தடித்ததாக மனு கொடுக்க வந்த பிள்ளைகளின் முகங்கள் இன்னும் என் கண்ணில் இருக்கின்றன. அதுபோலவே அனுமதியும் பதிவும் முற்றிலும் இலவசம். பயிற்சிக் கட்டணம், சீருடைக் கட்டணம், வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும், கேட்டவரின் மேசை எண்ணைக் குறித்து வாயிலில் இருக்கும் எங்கள் துறைப் பணியாளரிடம் சொல்லுங்கள். அவர்கள் அங்கே இருப்பது அதற்கும் சேர்த்துத்தான்.

தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையத்தில் இன்றே பதிவு செய்துவிடுங்கள். முகாம் அன்று காலையில் பதிவு மேசை முன் நிற்கும் நீண்ட வரிசையில் அரை மணி நேரமாவது மிச்சமாகும், முகாம் முடிந்த பிறகும் அந்தப் பதிவு பயன்படும். பெரிய முகாம்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடப்பவை. பல மாவட்டங்களில் மாதந்தோறும் ஒரு வெள்ளிக்கிழமை அலுவலக வளாகத்திலேயே சிறிய முகாம் நடக்கும். பெரிய முகாமின் நெரிசலில் பேச முடியாதவர்கள் சிறிய முகாமில் நிதானமாகப் பேசலாம். என்னைக் கேட்டால் முதன்முறை செல்பவர்களுக்குச் சிறியதே நல்லது, ஆனால் அதற்கு வருவது சில நிறுவனங்களே.

இன்னொன்று. மதியத்துக்கு மேல் மேடையில் அமைச்சரோ ஆட்சியரோ சிலருக்கு ஆணை வழங்குவார்கள். உங்கள் கையில் ஒரு தாள் வந்தால் புகைப்படத்துக்கு நின்றுவிட்டு, இறங்கியதும் அதை முழுவதும் வாசியுங்கள். அது சேரும் தேதி, பதவி, சம்பளம், ஊர் குறிப்பிட்ட பணி நியமன ஆணையா, அல்லது அடுத்த சுற்று நேர்காணலுக்கான அழைப்பா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.


இயற்பியல் மூன்றாமாண்டு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன, செய்திக்குறிப்பின் கடைசிப் பத்தியை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். போய் வா என்று சொல்லிவிட்டார். அரியர் பற்றி மட்டும் இன்னும் குழப்பமாக உள்ளது. கேட்டால் சொல்லலாமா, கேட்காமலே சொல்ல வேண்டுமா? மேலும் ஒப்பந்ததாரர் மேசை என்று தெரிந்தால் அப்படியே விலகி வந்துவிட வேண்டுமா?


கல்லூரி ஒருங்கிணைப்பாளர்:

மாணவிக்கு வணக்கம். ஒரு கலைக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே வேலைவாய்ப்புப் பிரிவையும் பார்த்துக்கொள்கிறேன். ஓசூர் நண்பர் ஒப்பந்ததாரர்களைப் பற்றிச் சொன்னது உண்மை என்றாலும், எங்கள் மாணவர்களின் அனுபவத்தில் அந்த மேசைகளை முழுவதும் ஒதுக்க வேண்டியதில்லை என்றே சொல்வேன். நிறுவனத்தின் நேரடிப் பணியாளராக எடுக்கும் இடங்கள் கலை அறிவியல் பட்டதாரிகளுக்குக் குறைவு. ஒப்பந்தத்தில் ஓராண்டு ஆலைக்குள் நின்றவருக்கு, அதே ஆலையில் ஆள் எடுக்கும்போது முன்னுரிமை கிடைத்ததைக் கண்டிருக்கிறேன். கிடைக்காமல் ஓராண்டு முடிந்ததும் திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் கண்டிருக்கிறேன். ஆகவே கேட்க வேண்டியது: ஒப்பந்தக் காலம் எவ்வளவு, சென்ற ஆண்டு சேர்ந்தவர்களில் யாராவது நேரடிப் பணியாளராக ஆனார்களா? ஆனவர் ஒருவரின் எண்ணை வாங்கிக்கொண்டு பேசிப் பாருங்கள். எண் தர மறுத்தால் அதுவும் ஒரு விடையே.

பலரும் கவனிக்காத இன்னொரு வழி தொழிற்பழகுநர் பயிற்சி, அதாவது அப்ரண்டிஸ்ஷிப். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 2014-இல் திருத்தப்பட்ட பிறகு, பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாக, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள்கூட இளங்கலை அறிவியல் பட்டதாரிகளை ஓராண்டுப் பயிற்சிக்கு எடுக்கின்றன. முகாமில் ஒரு மேசையில் “டிரெய்னி” என்று சொன்னால், அது இந்தச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்ட பயிற்சியா, நிறுவனம் தானாக வைத்துக்கொண்ட பெயரா என்று கேளுங்கள். இந்த வாரியத்தின் வழியான பயிற்சி என்றால் மத்திய அரசு குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை ஏற்கிறது, முடிவில் சான்றிதழும் வரும். ஆனால் பழகுநருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லை, முடித்தவருக்கு வேலை தர வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. மேலே சொன்ன பி.எஃப். கேள்விக்கு “இல்லை” என்ற விடை வந்தாலும் ஏமாற்று என்று முடிவு கட்டிவிடக் கூடாத ஓர் இடம் இது. முதுகலை படிப்பதா, பி.எட். படிப்பதா என்று இன்னும் முடிவு செய்யாத மாணவிகளுக்கு இந்த ஓராண்டு கையைக் கட்டிப்போடாது என்பதால் நான் இதையே முதலில் சொல்வேன்.

முகாம் முடிந்த அன்று இரவே, எந்த மேசையில் யாரிடம் என்ன பேசினீர்கள் என்று நோட்டில் எழுதிவிடுங்கள். நாளை என்று விட்டால் எல்லா நிறுவனங்களும் மனத்தில் கலந்துவிடும். அழைப்பதாகச் சொன்னவர்கள் ஒரு வாரத்தில் அழைக்கவில்லையென்றால் நீங்களே ஒருமுறை அழைத்து, பெயரையும் முகாம் நடந்த ஊரையும் பேசிய பொருளையும் சொல்லி நினைவூட்டலாம். இதைச் செய்பவர்கள் சிலரே.


தரக்கட்டுப்பாடு, ஓசூர்:

பேராசிரியர் சொன்ன அப்ரண்டிஸ் விதிவிலக்கை ஏற்கிறேன். எங்கள் ஆலையிலும் அப்படி எடுக்கிறோம். ஒப்பந்த மேசை பற்றி எனக்கு இன்னும் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை, அது இருக்கட்டும்.

தங்கையின் அரியர் கேள்விக்கு: கேட்காமலே சொல்லிவிடுங்கள், ஆனால் அதிலேயே தொடங்காதீர்கள். படிப்பைப் பற்றிக் கேட்கும்போது “துணைப்பாடக் கணிதத்தில் ஒரு தாள் நிலுவையில் உள்ளது, வரும் தேர்வில் எழுதுகிறேன், முடிவு இன்ன மாதத்தில் வரும்” என்று ஒரே மூச்சில் தேதியோடு சொல்லி முடித்துவிட வேண்டும். எங்களைப் போன்ற ஆலைகள் பல, குறிப்பிட்ட தேதிக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ளும். சில நிறுவனங்கள் அரியர் இருந்தால் விண்ணப்பத்தையே ஏற்காது. எது எப்படி என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும், உங்கள் அரை நாளும் வீணாகாது. சொல்லாமல் விட்டால் சேரும் நாளில் சான்றிதழ் சரிபார்க்கும்போது வெளியே வரும். அதற்குள் நீங்கள் மயிலாடுதுறையிலிருந்து ஓசூருக்குப் பெட்டியோடு வந்து இறங்கியிருப்பீர்கள். சுயவிவரக் குறிப்பில் சதவீதத்தை எழுதும் வரியில் “ஐந்தாம் பருவம் வரை” என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பேனாவும் வெற்றுத்தாள் சிலவும் எடுத்துப்போங்கள்; சில மேசைகளில் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்வார்கள்.